ஒரு இஞ்ச் போதும்

– அந்தச் சுருளை எதுக்கு இங்க தூக்கிட்டு வர்ற, லோர்னா? கராஜ்லயே போடு.

– நாலு இஞ்ச் கனம்ப்பா. அசல் செம்மறி ரோமம். ஷெட்டுச் சுவத்துல சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல இதைத் திணிச்சு, மேல பிளைவுட் அடிச்சுட்டா போதுமாம். ஜனவரிக் குளிர்லயும் உள்ள வெறும் சட்டையோட உக்காரலாம்னு கடையில சொன்னாங்க.

– யாரு, உன் மாமியாரா? எண்பத்திநாலு வயசுல வெறும் சட்டையோட உக்காந்து என்ன பண்ணப்போறா? கராஜ் பரண்ல தெர்மாகோல் ஷீட்டு கிடக்கு பாரு, அதை இறக்கு. ஒரு இஞ்ச் இருக்கும். தாராளம்.

– அது நெவில் மீன் தொட்டிக்கு அடியில போட வாங்கினது. ஓரமெல்லாம் பிஞ்சிருக்கு.

– பிஞ்ச இடத்துல டேப் ஒட்டிக்கலாம். நாப்பது வருஷம் கதவும் ஜன்னலும் செஞ்சவன் சொல்றேன், சொன்னாக் கேளு. இந்த ரோமத்தைக் கவர் பிரிக்காம அப்படியே திருப்பிக் குடுத்துடு.

– ஒரு இஞ்ச் போதுமா?

– போதும்.

– நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. நெவில் ஆள் வச்சுக்கலாம்னார். அப்பா இருக்கும்போது வெளி ஆள் எதுக்குன்னு நான்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்.

– உன் புருஷனுக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாது, அவன் ஆள் வைக்கிறானாம். இங்க வா, இந்தச் சட்டத்தைப் பிடி. ஹாஸ்பிட்டல்ல எப்ப விடறாங்களாம் அந்தக் கிழவியை?

– சனிக்கிழமை. இடுப்பு எலும்பு கூடிடுச்சாம். ஆனா தனியா விடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அவங்க ஃப்ளாட்டுக்கு இனிமே போக முடியாது.

– தெரியும். மாடியில ஒரு ரூமு, அது உங்களுது. கீழ அடுப்படிக்குப் பக்கத்துல ஒரு ரூமு, அது என்னுது. மூணாவதா ரூம் கிடையாது. ஒரு ஆள் வருஷம் பூரா இருக்கற மாதிரி ஷெட்டைச் சரி பண்ணித் தாங்கப்பான்னு நீ வந்து நின்னியே, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

– என்ன புரிஞ்சுது? யாருக்குன்னு நான் சொல்லவே இல்லையே.

– அதுதான் உன் சாமர்த்தியம். புருஷன் மனசு கோணக் கூடாது, காரியமும் நடக்கணும். வாயைத் திறக்காம முடிக்கிற பாரு, அந்த மூளை உங்கம்மாவுக்குக் கிடையாது.

– உங்க மூளைதான்ப்பா எனக்கு. எல்லாரும் சொல்லுவாங்க.

– வாசல்ல ஏதோ வண்டி வந்து நிக்குது.

– நெவில் இருக்கார், பாத்துக்குவார். நீங்க அளவு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.

– இருபத்திரெண்டே கால் இஞ்ச். அடுத்ததும் அதே. இந்த ஷெட்டை எழுவத்தஞ்சாம் வருஷம் என் கையால கட்டினேன், ஒரு சட்டம் கூட நூல் பிசகல பாத்தியா? அந்த மூலை ஒண்ணுதான் கெட்டுக் கிடக்கு. கடைசிப் பலகை ஆடுது பாரு.

– ஆடும். அதுக்கு அப்பறம் வரலாம். முதல்ல தரையைச் சொல்லுங்க. குளிர் கீழேர்ந்துதான் ஏறும்பாங்களே.

– ஏறும்தான். முறையா செய்யணும்னா இந்தத் தரைப்பலகையைப் பூராவும் பேத்து எடுக்கணும். அடியில கம்பி வலை கட்டி, அதுமேல நாலு இஞ்ச் வச்சு, திரும்ப மூடணும். ஒன்றரை நாள் வேலை.

– ஒன்றரை நாள்தானே? சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடும்.

– எதுக்கு? அவ கட்டில்ல கிடக்கப்போறவ. கால் தரையில பட்டாத்தானே குளிரும். மாடிப் படியில கிழிச்சுப் போட்டோமே பழைய கார்ப்பெட்டு, அதை விரிச்சுவிடு.

– உங்களுக்குன்னா என்ன பண்ணுவீங்கப்பா?

– எனக்குன்னா பேக்காம விடுவேனா? என் முட்டி கேக்குமா? மழை வர்றதுக்கு முந்தின நாளே எனக்கு உள்ள குத்த ஆரம்பிச்சுடும்.

– அப்ப பேத்துடுவோம். நானும் கூட நிக்கறேன்.

– அவளுக்காகவா? உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு? சுத்தியை எடு.

– சரிப்பா. கார்ப்பெட்டு.

– கார்ப்பெட்டு. எழுதிக்க.

– டீ ஆறுது. குடிச்சுட்டு வெட்டுங்க.

– பிஸ்கட் ஒண்ணுதான் வச்சிருக்க?

– டாக்டர் சொன்னது. இன்னொண்ணு கேக்கணும். இந்தப் பாலித்தீன் ஷீட்டும் அங்கதான் குடுத்தாங்க. இதை எந்தப் பக்கம் அடிக்கணும்?

– அது உள்பக்கம். ரூம் இருக்கற பக்கம். எத்தனை பேர் இதை மாத்தி வெளிப்பக்கம் அடிச்சுட்டு, ரெண்டே வருஷத்துல சுவரு அழுகிப்போச்சுன்னு என்கிட்ட வந்து நின்னிருக்கான் தெரியுமா? மனுஷன் ராத்திரி பூரா மூச்சு விடறான். அந்த மூச்சுல இருக்கற ஈரம் சுவத்துக்குள்ள போகும். அங்க வெளிப் பலகை ஜில்லுன்னு இருக்கும். அதுல பட்ட உடனே ஈரமெல்லாம் தண்ணியாயிடும்.

– தண்ணியாகி, பலகையிலயே உறைஞ்சு நிக்கும். வெள்ளையா. விடியறப்ப நகத்தால சுரண்டினா பொடிப்பொடியா உதிரும்.

– அதேதான். நீ எங்க பாத்த?

– இங்கதான்ப்பா. இந்தப் பலகையிலதான். எனக்கு அப்ப ஒம்பது வயசு.

– ம். அதுக்குத்தான் இந்த ஷீட்டை உள்பக்கம் அடிக்கணும்னு சொல்றது. அடிச்சிருந்தா உறைஞ்சிருக்காது.

– அடிப்போமா அப்ப?

– வேணாம். கிழவி எவ்வளவு மூச்சு விட்டுடப்போறா?

– இருமறவங்கப்பா. நெஞ்சு சளி இருக்கு.

– ஹாஸ்பிட்டல்ல பாத்துக்குவாங்க. நீ ஏன் அப்படிப் பாக்கற?

– ஒண்ணுமில்ல. ஒம்பது வயசுன்னேனே, அதுக்கு ஏதாச்சும் சொல்லுவீங்களோன்னு பாத்தேன்.

– என்ன சொல்லணும்? பொய் சொன்ன, தட்டுல மிச்சம் வச்ச, எதுத்துப் பேசின. ரெண்டு மணி நேரம் உள்ள உக்கார வச்சேன். கை நீட்டி அடிச்சேனா? அந்தக் காலத்துல பாதி அப்பன்மார் பெல்ட்டைத்தான் எடுப்பாங்க. நான் கதவைச் சாத்தினதோட சரி. ஒழுங்கான பொண்ணா ஆனியா இல்லையா நீ?

– ஆனேன். ரெண்டு மணி நேரம்னு நினைச்சுட்டிருக்கீங்களா இத்தனை வருஷமா?

– மிஞ்சிப் போனா மூணு.

– அம்மா என்ன பண்ணிட்டிருப்பாங்க அப்ப?

– ரேடியோ கேட்டுட்டிருப்பா.

– சத்தமா வச்சு.

– அவளுக்குக் காது மந்தம்.

– அம்மாவுக்குக் காது நல்லா கேக்கும்ப்பா. கடைசி வரைக்கும் நல்லா கேட்டுது.

– செத்தவளைப் பத்தி எதுக்குப் பேச்சு? இந்த மூலைக்கு வருவோம். இந்தப் பலகை ஆடுதுன்னேனே, பாரு, கீழ ஒரு கை நுழையற அளவுக்கு நெம்பி விட்டிருக்கு. எலி வேலை. அந்தக் காலத்துல மூணு வருஷம் என் உருளைக்கிழங்கு மூட்டை இதனாலதான் நனைஞ்சுது. எலிப்பொறி வச்சு வச்சுப் பாத்தேன், ஒரு எலி கூட மாட்டல.

– எப்படி மாட்டும்? எலி உளி வச்சு நெம்பாதுப்பா.

– உளியா?

– பக்கத்துல போய்ப் பாருங்க. வெளிப்பக்கத்துல பட்டையா வெட்டு இருக்கு. வின்னி அத்தை. என் மாமியார் ஆகறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்து வீடுதானே. நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா வேலிச் செடிக்குள்ள பூந்து முட்டி போட்டு வருவாங்க. சுடுதண்ணிப் பையை டீத் துணியில சுத்தி இந்தச் சந்து வழியா உள்ள தள்ளுவாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. கை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கும், நான் பிடிச்சுக்கறதுக்கு.

– ஓ. அப்படியா சங்கதி.

– அப்படித்தான்.

– அடுத்தவன் ஷெட்டை உளி வச்சு உடைச்சிருக்கா. அப்பவே தெரிஞ்சிருந்தா போலீஸ்ல சொல்லியிருப்பேன். இவதான் பள்ளிக்கூடத்துக்கும் லெட்டர் போட்டவ. பள்ளிக்கூடத்துல சோறு பரிமாறற வேலை, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தான் பெத்த மாதிரி நினைப்பு. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்டான். ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன் அதை.

– அன்னைக்குத்தான் நான் விடிய விடிய உள்ள இருந்தேன்.

– இந்தப் பலகையை இப்பவே அடைச்சுடறேன். இப்ப அவ உள்ள இருக்கப்போறா, நாம வெளிய. வேடிக்கையாத்தான் இருக்கு. நான் ஒண்ணும் வேலிக்குள்ள முட்டி போட்டு வரமாட்டேன்.

– நல்லா அடைச்சுடுங்க. இனிமே அந்த வழியா கை நீட்ட யாரும் வரமாட்டாங்க.

– ரெண்டு ஆணி குடு. பெருசு.

– ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போடணும்னு கடையில சொன்னாங்க. மேலே பொட்டல் மேட்டுலேர்ந்து வர்ற காத்து நேரா இந்தப் பக்கம்தான் அடிக்குது.

– பலகை வச்சு அடைச்சுட்டா காத்தே வராது. மேல ஒரு சாண் மட்டும் வெளிச்சத்துக்கு விடுவோம். வெளிய பாத்து என்ன ஆகப்போகுது அவளுக்கு?

– உங்க ரூம் ஜன்னல்ல உக்காந்து குருவிக்குத் தீனி போடறீங்களே நீங்க.

– நான் போடறேன். எனக்குக் குருவி பிடிக்கும். லைட்டு சுவிட்சை வெளிப்பக்கம் வைக்கணும், உள்ள வைக்காத. விடிய விடிய எரிய விட்டுடுவா. சின்ன ஹீட்டர் ஒண்ணு வச்சா போதும், அந்த சுவிட்சும் வெளிய.

– குளிருதுன்னா?

– இன்னொரு போர்வை கேப்பா. இருந்தா குடு.

– எல்லா சுவிட்சும் வெளிய. கதவுல தாழ்ப்பாள்? பழைய தாழ்ப்பாள் இன்னும் வெளிப்பக்கமே இருக்கு. அதைக் கழட்டிடலாம்னு நினைச்சேன்ப்பா.

– அதைப் போய் ஏன் கழட்டற? அந்த வயசுல எந்நேரம் எங்க எழுந்து நடப்பாங்கன்னு சொல்ல முடியாது. வழி தெரியாம ஆத்தங்கரைக்குப் போயிட்டா? போட்டு வச்சா நமக்கு நிம்மதி. ஒரு சொட்டு எண்ணெய் விடு, துருப்பிடிச்சிருக்கு.

– கழட்டவே வேணாம்?

– வேணாம்னு சொன்னேன்ல. எத்தனை தடவை கேப்ப ஒரே கேள்வியை?

– நாலஞ்சு தடவை கேட்டாத்தான்ப்பா என் மனசுக்குத் திருப்தி. அப்பறம் நான் கேக்கலைன்னு ஆகிடக் கூடாது பாருங்க.

– நல்ல மனசு உனக்கு. அதுதான் உன் குறை. நான் மட்டும் அன்னைக்கு யோசிக்கலைன்னா இந்த வீடே உனக்கு இருந்திருக்காது.

– எந்த அன்னைக்கு?

– ஏழு வருஷம் முன்னாடி, உன் பேருக்கு எழுதி வச்சேனே. என் பேர்லயே இருந்திருந்தா, நாளைக்கு என்னை முதியோர் இல்லத்துல சேத்தா செலவுக்கு வீட்டை வித்துடச் சொல்லிடுவாங்க கவர்மெண்ட்டுல. இப்ப வந்து பாக்கட்டும். என் பேர்ல ஒரு டீஸ்பூன் கூடக் கிடையாது. இந்தக் கிழவி எழுதி வைக்கல பாரு, ஃப்ளாட்டும் போச்சு, போக்கிடமும் இல்ல. புத்தி வேணும் மனுஷனுக்கு.

– ஒரு டீஸ்பூன் கூட இல்லையா?

– ஒண்ணும் இல்ல. சட்டப்படி நான் உன் வீட்டு விருந்தாளி.

– விருந்தாளி. சரிதான்.

– சிரிக்கிற?

– சிரிக்கலைப்பா. ஆணி வாயில வச்சுட்டு பேசறீங்க, முழுங்கிடப் போறீங்களேன்னு பாத்தேன். ரோமத்தை நான் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன், கடை மூடறதுக்குள்ள. கடைசியா கேக்கறேன். இன்னும் கவர் பிரிக்கல. வேணும்னா இப்பவே சுவத்துல வச்சுடலாம். தெர்மாகோலைப் பேக்க அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

– நீ இன்னும் அதை விடலையா?

– நாலு இஞ்ச்ப்பா. ரொம்ப சூடா இருக்கும். வயசானவங்களுக்கு குளிர் எலும்புக்குள்ள போகும்னு நீங்களே சொல்லுவீங்க.

– லோர்னா, இங்க பாரு. அந்தப் பொம்பளை என்னை ஊர் முன்னாடி தலைகுனிய வச்சா. அவ குளிர்ல கொஞ்சம் நடுங்கட்டுமே, என்ன இப்போ? இதுக்கு மேல என்கிட்ட ஞாயம் பேசாத. ஒரு இஞ்ச் போதும்.

– சரிப்பா. இனிமே கேக்க மாட்டேன்.

– போயிட்டு வா. வரும்போது சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வா. கறி வச்ச பேஸ்ட்ரின்னா, மேல குழம்பு ஊத்தித் தரச் சொல்லு.

– எனக்குத் தெரியும். பட்டாணியும் வேணும் உங்களுக்கு.

– வந்துட்டியா? நல்ல நேரத்துக்கு வந்த. பிளைவுட் எல்லாம் அடிச்சு முடிச்சுட்டேன். எண்பத்தொரு வயசுல எவன் செய்வான் இதை, சொல்லு.

– ரோமத்தை எடுத்துக்கிட்டாங்க. பக்கத்துக் கடையில மெத்தைக்கு மேல விரிக்கிற சூடு கம்பளம் ஒண்ணு வாங்கினேன், கரண்டுல ஓடறது.

– அவளுக்கா? இங்க அதுக்குப் பிளக் ஏது? ஒரே ஒரு பாயிண்ட்தான் வச்சிருக்கேன், அதுலயும் ஹீட்டர் போயிடும்.

– இங்க இல்லப்பா, வீட்டுக்குத்தான்.

– ஓ, எனக்கா? அதைச் சொல்லு. இந்த முட்டிக்கு நல்லதுதான். சரி, நீ வெளிய நின்னு கதவைச் சாத்தி தாழ்ப்பாளைப் போடு. காத்து எங்க வருதுன்னு நான் உள்ள நின்னு பாக்கறேன். வேலையைச் சோதிச்சுப் பாத்துத்தான் குடுக்கணும்.

– சாத்தியாச்சு.

– முழுசாத் தள்ளு.

– முழுசாத் தள்ளிட்டேன். எண்ணெய் விட்டதால சுலபமா போகுது.

– லைட்டு போயிடுச்சே.

– சுவிட்ச் என் பக்கம் இருக்குப்பா. கை பட்டுடுச்சு.

– சரி, இருக்கட்டும், இருட்டுல காத்து நல்லா தெரியும். ம். கதவடியில வருது. அந்த மூலையிலயும் வருது. தரை ஜில்லுன்னு ஏறுது, இன்னும் அக்டோபர்தான் ஆகுது. உள்ள வாசம் கூட அடிக்குது, பழைய உருளைக்கிழங்கு வாசம்.

– அந்த வாசம் போகாதுப்பா. எனக்கு இன்னும் மூக்குலயே இருக்கு. எப்படி இருக்கு மத்தபடி?

– அவளுக்கு இது போதும். பிப்ரவரியில கொஞ்சம் சிரமப்படுவா, படட்டும். திற.

– போதுமா, நிச்சயமாவா?

– போதும்னு எத்தனை தடவை சொல்றது? திற, லோர்னா. முட்டி குத்துது.

– ஒரு நிமிஷம் இருங்க. நெவில் கட்டில் தூக்கிட்டு வர்றார், வழி விடணும்.

– இப்பவேவா? அவ கட்டில் சனிக்கிழமை ஹாஸ்பிட்டல்லேர்ந்து வரும்னு சொன்ன?

– அது காலையிலயே வந்துடுச்சுப்பா. நீங்க அளவு எடுக்கும்போது வாசல்ல ஒரு வண்டி நின்னுதே, அதுதான்.

– அப்ப நெவில் எதைத் தூக்கிட்டு வர்றான்?

– வின்னி அத்தை கட்டிலை அடுப்படிக்குப் பக்கத்து ரூம்ல போட்டாச்சு, ஜன்னலோரமா, குருவி தெரியற மாதிரி. இது உங்க கட்டில்ப்பா.